சிவப்பு வளையம் போட்ட தொட்டிகள்

எங்கள் நர்சரியில் விற்கிற செடி வேறு, வாடகைக்குப் போகிற செடி வேறு. வாடகைத் தொட்டிகளின் அடிப்பக்கம் சிவப்புப் பெயின்டில் ஒரு வளையம் போட்டிருக்கும், ஏற்றி இறக்கும்போது விற்பனைச் செடியோடு கலந்துவிடக் கூடாது என்பதற்காக. கல்யாண மண்டபம், கடைத் திறப்பு, பெரிய மனிதர்கள் வருகிற கூட்டம் என்று அவை போய்ப் போய் வரும். எந்த வாசலிலும் இரண்டு நாள் சேர்ந்தாற்போல் நின்றதில்லை. இலையைத் துடைத்துத் துடைத்து மினுக்கு மட்டும் குறையாது.

ஏற்றுவதும் இறக்குவதும் என் வேலை. தூக்கித் தூக்கி என் இடது தோள் கொஞ்சம் இறங்கிவிட்டது. அதனால் முதலாளி என்னைத் ‘தராசு’ என்றுதான் கூப்பிடுவார். எழுத்துப் படித்தது நாற்பது தாண்டித்தான், செடியில் கட்டியிருக்கிற பெயர்ச் சீட்டுகளை வைத்து மகள் சொல்லிக்கொடுத்தாள். ஆனால் ஒரு வாசலில் நிற்கிற செடியைப் பார்த்து உள்ளே குடித்தனம் எப்படி என்று சொல்வதற்கு எழுத்து வேண்டியதில்லை. வீடு வீடாகத் தொட்டி இறக்குகிற எவனுக்கும் அது வந்துவிடும். புல்தரை கேட்கிற வீட்டில் தண்ணீருக்கும் ஆளுக்கும் பஞ்சமில்லை. புருஷனும் பெண்டாட்டியும் வேலைக்கு ஓடுகிற வீடு என்றால் கள்ளியும் மணி பிளான்டும்தான்; வாரம் முழுக்க மறந்தாலும் கோபித்துக்கொள்ளாத செடிகள். பிள்ளைகள் தூரமாய்ப் போய்விட்ட வீட்டில் ரோஜா கேட்பார்கள். எதையாவது பார்த்துப் பார்த்துச் செய்துகொண்டே இருக்க வேண்டும் அவர்களுக்கு. வாடகைக்குக் குடியிருக்கிறவன் மரக்கன்று கேட்டு நான் பார்த்ததில்லை.

நாங்களும் வாடகைதான். தகரக் கூரை போட்ட ஒரே அறை, முன்னால் துணி காயப்போடுகிற அகலத்தில் ஒரு சிமென்ட் வாசல். அங்கே செடி வைப்பது என் மனைவி. ஆசைக்கென்று அவள் ஒன்றும் வைத்ததில்லை. வீட்டில் எது குறைகிறதோ அது அவள் சாக்கில் முளைக்கும். நான் இடுப்பைப் பிடித்துக்கொண்டு வேலைக்குப் போகாமல் கிடந்தபோது மிளகாய் வைத்தாள். சோற்றுக்குத் தொட்டுக்கொள்ள வேறு ஒன்றும் இல்லாத காலம் அது. மகளுக்கு ரத்தம் குறைவு என்று ஆஸ்பத்திரியில் சொன்ன வாரமே தண்டுக்கீரை விதைத்தாள். குழாயில் ஒருநாள் விட்டு ஒருநாள்தான் தண்ணீர் வரும். அதனால் நல்ல தண்ணீர் எந்தச் செடிக்கும் கிடையாது. அரிசி கழுவின தண்ணீர் கீரைக்கு, பாத்திரம் கழுவின தண்ணீர் சேம்புக்கு, துணி அலசின தண்ணீர் சுரைக்கு. எங்கள் வீட்டில் தாகமெடுத்தால் செடியும் வரிசையில்தான் நிற்க வேண்டும்.

எல்லாமே உரச்சாக்கிலும் பெயின்ட் டப்பாவிலும் உடைந்த வாளியிலும்தான். காலி பண்ணச் சொன்னால் தூக்கிக்கொண்டு போய்விடலாமே. சுரை மட்டும் சாக்கைப் பொத்துக்கொண்டு, சிமென்ட் வெடிப்புக்குள் வேரை இறக்கிவிட்டது. வாடகை வீடு என்று அதற்கு யாரும் சொல்லவில்லை.

அந்தச் சுரைக்கொடிக்கு ஒரு காரணம் இருந்தது. மகள் பெரிய பரீட்சைக்குப் படித்த வருஷம், மத்தியானத்தில் அறைக்குள் இருக்க முடியாது. தகரம் அடுப்புக்கல்லாய்க் காயும். ஈரத்துணியைத் தலையில் போட்டுக்கொண்டு படிப்பாள். என் மனைவி சுரை விதை ஊன்றி, கயிறு கட்டி, கொடியைக் கூரைமேல் ஏற்றிவிட்டாள். கோடை முற்றுவதற்குள் தகரம் தெரியாமல் இலை மூடிவிட்டது. அந்த நிழலில் படித்துத்தான் மகள் தேறினாள். பிறகு வருஷா வருஷம் விதை எடுத்து ஊன்றுவது வழக்கமாகிவிட்டது.

மகள் இப்போது ஒரு பல் ஆஸ்பத்திரியில் முன்மேசையில் உட்கார்ந்து வருகிறவர்களுக்குச் சீட்டுக் கொடுக்கிறாள். அங்கே கருவிகளைப் பழுதுபார்க்க வருகிற ஒரு தம்பியை அவளுக்குப் பிடித்துவிட்டது, அவனுக்கும்தான். ஒருமுறை தூரத்திலிருந்து பார்த்தேன். சட்டையில் கத்தி போல மடிப்பு. இவ்வளவு சுத்தமாய் உடுத்துகிறவன் வீட்டில் ஆள் அம்பு இருக்கும் என்று நினைத்தேன். மகளும் அப்படித்தான் நினைத்திருந்தாள். அப்பா என்ன செய்கிறார் என்று அவன் கேட்டதற்கு, செடி வியாபாரத்தில் இருக்கிறார் என்று சொல்லியிருக்கிறாள். பொய் என்று சொல்ல முடியாது. பொதி சுமக்கிற கழுதையும் துணி வியாபாரத்தில்தானே இருக்கிறது.

அவனுக்கு அப்பா இல்லை. அம்மா சரி என்றால்தான் கல்யாணம் என்று சொல்லிவிட்டான். அந்த அம்மா ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டைப் பார்க்க வருவதாக முடிவாயிற்று.

அதற்கு முந்தின நாட்களில் மகள் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள். சாக்கின் ஓரமெல்லாம் கிழிந்து தொங்குகிறது, பெயின்ட் டப்பா துரு ஒழுகித் தரையில் கறை, சேம்புப் பக்கம் பாத்திரம் கழுவின தண்ணீர் வாடை. பிறகு என்னிடம் வந்து, ஒரே ஒரு நாளைக்கு நர்சரியிலிருந்து கொஞ்சம் தொட்டி கொண்டு வர முடியுமா என்று கேட்டாள். கேட்கும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை. அவள் என்னிடம் எதையும் கேட்டு வாங்குகிற பிள்ளையில்லை. அதனாலேயே நான் சரி என்று சொல்லிவிட்டேன். எனக்குள்ளும் அதே வெட்கம் இருந்தது என்பதுதான் நிஜம். அவள் வாய்விட்டுச் சொன்னாள், நான் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

முதலாளியிடம் கேட்டேன். சிரித்தார்.

“உன் வீட்டுக்கா? எல்லாத்தையும் வச்சுட்டு நீங்க எங்கடா நிப்பீங்க, தராசு?”

கேலி செய்தாலும் கொடுத்தார். திங்கட்கிழமை ஒரு மண்டபத்துக்குப் போக வேண்டியவை, ஞாயிறு சாயங்காலத்துக்குள் திரும்பிவிட வேண்டும், ஓர் இலை ஒடியக் கூடாது என்றார். அலங்காரப் பனை, குரோட்டன்ஸ், வெள்ளைத் தொட்டியில் பெரணி என்று சனிக்கிழமை வண்டியில் ஏற்றி வந்து இறக்கினேன். எங்கள் தெருக்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள். பக்கத்து வீட்டுக்காரர், வீட்டை மண்டபமாக்கிவிட்டாயா, சாப்பாடு எத்தனை மணிக்கு என்று கேட்டார்.

சாக்குகளை ஒவ்வொன்றாகத் தூக்கிக் கழிப்பறைக்குப் பின்னால் கொண்டுபோய் வைத்தேன். என் மனைவி தடுக்கவில்லை. உதவிக்கும் வரவில்லை. கடைசியில் சுரை நின்றது. அதைத் தூக்க முடியாது. கொடி வாசலுக்குமேல் தொங்கிக்கொண்டிருந்தது, பனையின் தலையில் இடித்துக்கொண்டு.

“அது மட்டும்தாம்மா ஒரு மாதிரி தெரியுது,” என்றாள் மகள்.

என் மனைவி அவளைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள். நான் தொட்டியை நேராக வைக்கிற மாதிரி குனிந்துகொண்டேன். அவள் உள்ளே போய்க் கத்தியை எடுத்து வந்து கொடியை அடியில் அறுத்தாள். அறுத்த அடித்தண்டு நீர் சொட்டச் சொட்ட நின்றது. ஒரு டப்பாவை எடுத்து அதற்கு அடியில் வைத்தாள். இரவெல்லாம் சொட்டி அது நிறைந்ததும் கழிப்பறைக்குப் பின்னால் கொண்டுபோய்க் கீரைக்கு ஊற்றினாள். கூரையிலிருந்து கொடியை நான்தான் இழுத்துப் போட்டேன். விரல் நீளத்தில் பிஞ்சுகள் இருந்தன. கொடியின் சுருள்கள் மட்டும் தகரத்து ஆணிகளை விடவில்லை. அறுந்து அங்கேயே தங்கிவிட்டன.

சிவப்பு வளையம் தெரியாமல் தொட்டிகளைச் சுற்றிச் செங்கல் அடுக்கினேன்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அம்மாவும் பிள்ளையும் நடந்தே வந்தார்கள். அந்த அம்மா மெலிந்த உடம்பு, சலவை மடிப்புக் கலையாத சேலை. கையில் ஒரு கனத்த துணிப்பை. தெருமுனையில் வரும்போது பையை முன்னால் பிடித்திருந்தார், பார்த்தேன். வாசலுக்கு வந்து, பனையையும் பெரணியையும் பார்த்ததும் நின்றார். பை மெதுவாக அவருக்குப் பின்னால் போய்விட்டது.

“வணக்கம் சார்,” என்றார்.

என்னை யாரும் அதுவரை சார் என்று கூப்பிட்டதில்லை. யாரைச் சொல்கிறார் என்று திரும்பிப் பார்க்கப் போனேன்.

உள்ளே உட்கார வைத்தோம். கொடி போன மறுநாளே தகரம் பழைய புத்தியைக் காட்டிவிட்டது. அறை அடுப்பாய்க் கிடந்தது. மின்விசிறி சூட்டை எடுத்து எங்கள் முகத்திலேயே வீசியது. அந்த அம்மா முந்தானையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டே இருந்தார். மகள் குடிக்கத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள், மறுபடியும் கொடுத்தாள். பேச்சு எங்கெங்கோ போய் வந்தது. பஸ் கூட்டம், பல் ஆஸ்பத்திரி வேலை, வெயில். வெயிலைப் பற்றித்தான் எல்லோரும் மனதாரப் பேசினோம்.

பிறகு அவர், இந்தச் செடியெல்லாம் யார் பார்த்துக்கொள்கிறார்கள் என்று கேட்டார். என் மனைவி என்னைப் பார்த்தாள். மகள் தரையைப் பார்த்தாள். நான்தான் சொன்னேன்.

“சும்மா ஒரு பொழுதுபோக்குக்குங்க.”

“பொழுது இருந்தா நல்லதுதான் சார்,” என்றார் அவர்.

குத்திச் சொல்லவில்லை. சாதாரணமாகத்தான் சொன்னார். எனக்குத்தான் உடம்பெல்லாம் கூசியது. அப்போது அவருடைய பாதம் மெதுவாக நகர்ந்து, துணிப்பையை நாற்காலிக்கு அடியில் தள்ளியது. பையின் வாய் திறந்திருந்தது. உள்ளே பளபளவென்று கத்தரிக்காய், பூச்சி துளைக்காதது, காம்பு வாடாதது, அன்று காலையில் பறித்தது. அதன்மேல் ஒரு கட்டுக் கீரை. என் மனைவியும் பார்த்துவிட்டாள்.

“பையில என்னங்க?” என்று கேட்டாள்.

“துணிங்க,” என்றார் அந்த அம்மா. “தேய்க்கக் குடுக்கணும். போற வழியில.”

பிள்ளை சட்டென்று ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டான். அவன் காது மடல் சிவந்திருந்தது. எனக்கு அப்போது விளங்கவில்லை.

கிளம்பும்போது கையெடுத்துக் கும்பிட்டார். பையைத் தன்னோடு எடுத்துக்கொண்டு போனார். நான் செங்கல்லைப் பிரித்து, தொட்டிகளை வண்டியில் ஏற்றி, நர்சரியில் கொண்டுபோய்ச் சேர்த்தேன். ஓர் இலைகூட ஒடியவில்லை. முதலாளி எண்ணிப் பார்த்துவிட்டு, காரியம் கூடிற்றா என்றார். கூடும் என்று சொல்லிவைத்தேன்.

அந்த வாரமே ஒருநாள் மகள் வேலையிலிருந்து வந்து, செருப்பைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்துவிட்டாள். அவன் சொல்லிவிட்டானாம். அவன் அம்மாவுக்குப் பெண்ணைப் பிடித்திருக்கிறது, ஆனால் ஒத்துவராது என்கிறாராம். பொழுதுபோக்குக்கு இவ்வளவு செடி வைக்கிற வீட்டுப் பெண் நம் வீட்டில் வந்து எப்படி இருப்பாள், நாளைக்கு நம்மைப் பார்த்து முகம் சுளித்தால் என்ன செய்வது என்று கேட்டாராம். அதற்குப் பிறகுதான் அவன் மற்றதையும் சொல்லியிருக்கிறான். அவன் அம்மா தெருமுனையில் தள்ளுவண்டி போட்டுத் துணி தேய்க்கிறவர். கரிப்பெட்டியில் தேய்த்துத்தான் அவனைப் படிக்க வைத்தார். அவனும் அதை எங்களிடம் சொல்லக் கூசிக்கொண்டு மறைத்திருந்தான். சட்டை மடிப்பைப் பார்த்து நான் ஆள் அம்பு என்று நினைத்தேனே, அந்த ஆளும் அம்பும் அந்த அம்மாவின் கைதான்.

கத்தரிக்காய் எனக்கு ஞாபகம் வந்தது. கரிச் சாம்பல் கிடைக்கிற வீட்டில் கத்தரிக்குப் பூச்சி அண்டாது. பார்த்த உடனே எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். ஊரார் வாசலைப் பார்த்துக் குடித்தனம் சொல்கிறவன், என் வீட்டு நாற்காலிக்கு அடியில் கிடந்ததைப் பார்த்தும் கோட்டைவிட்டேன்.

“நான்தான் கேட்டேன், தப்புதான்,” என்றாள் மகள். “ஆனா நீங்க ஏம்ப்பா கொண்டு வந்தீங்க?”

என் மனைவி எழுந்து கழிப்பறைக்குப் பின்னால் போனாள். கீரைச் சாக்குகளில் நன்றாக வந்திருந்த ஒன்றைத் தரதரவென்று இழுத்து வந்து என் முன்னால் வைத்தாள்.

“நீங்க தூக்கிட்டு வந்த செடிக்காக என் கொடிய நான் அறுத்தேன். இப்ப என் செடிய நீங்க தூக்கிட்டுப் போங்க. அந்தம்மா வீட்டுக்கு.”

“பஸ்ல ஏத்த மாட்டான்டி.”

“தோள் எதுக்கு இருக்கு?”

மறுநாள் நர்சரிக்கு லீவு சொல்லிவிட்டு, சாக்கைத் தோளில் வைத்துக்கொண்டு நடந்தேன். ஈரமண் சாக்கு, அரிசி மூட்டையைவிடக் கனம். கூலிக்கு எவ்வளவோ சுமந்திருக்கிறேன். அப்போதெல்லாம் கனம் தோளில் மட்டும்தான் இருக்கும். அன்றைக்கு முகத்திலும் இருந்தது. எதிரே வந்தவர்கள் தலைக்குமேல் ஆடுகிற கீரையைப் பார்த்து வழிவிட்டார்கள். நடக்கிற தோட்டம் போகிறது பார் என்று ஒருத்தன் சொன்னது காதில் விழுந்தது.

மகள் சொன்ன தெருமுனையில் தள்ளுவண்டி நின்றது. அந்த அம்மா குனிந்து ஒரு சட்டையின் கையைத் தேய்த்துக்கொண்டிருந்தார். இடுப்பில் சொருகிய பழைய சேலை, கையெல்லாம் கரி. நிழல் விழுந்ததும் நிமிராமலே சொன்னார்.

“கரியா? அந்தப் பக்கம் இறக்குப்பா. பாத்து, துணிமேல தூசி படாம.”

நான் இறக்கவில்லை.

“கரி இல்லீங்க. கீரை.”

நிமிர்ந்தார். என் இறங்கின தோளையும் அழுக்குத் துண்டையும் மேலே நின்ற கீரையையும் பார்த்தார். என்னை அடையாளம் தெரிய ஒரு நிமிஷம் பிடித்தது. தெரிந்ததும் முதலில் தன் கரிக்கையைச் சேலைக்குப் பின்னால் மறைத்தார். அவர் மறைத்ததைப் பார்த்துத்தான் எனக்கு வாய் திறந்தது. எல்லாவற்றையும் சொன்னேன். நான் தொட்டி தூக்குகிறவன், வியாபாரி இல்லை. அந்தச் செடிகள் வாடகைத் தொட்டி, அடியில் சிவப்பு வளையம் இருக்கும், செங்கல் வைத்து மறைத்தேன். எங்கள் வாசலில் இருப்பது இதுதான், இந்தச் சாக்குதான். நாங்கள் உங்களைப் பெரிய இடம் என்று நினைத்தோம்.

பெட்டியை ஓரமாக நிமிர்த்தி வைத்துவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார். சிரிப்பார் என்று நினைத்தேன். இல்லை, திட்டுவார் என்று நினைத்தேன். அவர் வேறு ஒன்றைக் கேட்டார்.

“அன்னைக்கு வீட்டுக்குள்ள அவ்வளவு வெக்கை. தினமும் அப்படித்தானா?”

“இல்லீங்க. மேல சுரைக்கொடி இருந்துச்சு. நீங்க வர்றீங்கன்னு அறுத்துட்டோம்.”

“காய் இருந்துச்சா?”

“பிஞ்சு.”

அவர் முகம் மாறியது. வாடகைச் செடிக்கு மாறாத முகம் அதற்கு மாறியது.

“பிஞ்சோடயா அறுத்தீங்க?”

நான் தலையைக் குனிந்துகொண்டேன். தோளில் சாக்கு இன்னும் இருந்தது. இறக்கு என்று யாரும் சொல்லவில்லை. அவர் மறுபடி பெட்டியை எடுத்து, பாதியில் நின்ற சட்டைக் கையைத் தேய்த்து முடித்து, மடித்து வைத்தார். அவ்வளவு நேரமும் நின்றேன். என் வாழ்நாளில் சுமந்ததிலேயே நீளமான சுமை அதுதான்.

“நானும் பொய்தான் சொன்னேன்,” என்றார், துணியைப் பார்த்துக்கொண்டே. “வாசல்ல பனையப் பாத்தவுடனே கத்தரிக்காயக் குடுக்க வெக்கமா போச்சு. தேய்க்கக் குடுக்கணும்னு வாயில வந்துடுச்சு. ஊர்த்துணியெல்லாம் தேய்க்கிறவ, என் துணிய யார்கிட்ட குடுக்கப் போறேன்?”

பிறகு வண்டிக்குப் பின்னாலிருந்த குறுகலான சந்துப் பக்கம் கையைக் காட்டினார். அங்கே அவர் வீட்டு வாசல். சுவரை ஒட்டி உரச்சாக்குகள் வரிசையாக நின்றன, எங்களுடையது போலவே ஓரம் கிழிந்து. கத்தரி ஆள் இடுப்பளவு.

“அந்த ஓரத்துல வைங்கண்ணே. துணி அலசுற தண்ணி அங்கதான் போகும். சாம்பல் கொட்டுற பக்கம் வேண்டாம், கீரை தாங்காது.”

அண்ணே என்றார். சாக்கை இறக்கி வைத்துவிட்டு, அங்கேயே கொஞ்சம் குனிந்து நின்றுகொண்டேன், மண் தட்டுகிற மாதிரி.

வண்டிப் பக்கம் திரும்பி வந்து கல்யாணப் பேச்சை எடுக்க எனக்குத் தைரியம் வரவில்லை. அவராகவே சொன்னார்.

“பொண்ணு விஷயம் அப்புறம். மொதல்ல அந்தக் கூரைக்கு ஒரு கொடி போடுங்க. தகரம் தெரியாம மூடட்டும். அன்னைக்கு வந்து உக்காந்து பேசுறேன். அதுவரைக்கும் வேர்த்துக்கிட்டு என்னால பேச முடியாது.”

வீட்டில் வந்து சொன்னேன். மகள் அன்றைக்குப் பிடித்து வைத்திருந்த நல்ல தண்ணீரில் ஒரு செம்பு மொண்டு, சுரை நின்ற இடத்து மண்ணில் ஊற்றினாள். எங்கள் வீட்டில் நல்ல தண்ணீர் செடிக்குப் போனது அதுதான் முதல் தடவை. என் மனைவி முதலில் ஊன்றிய விதை அழுகிவிட்டது. மறுபடி ஊன்றினாள். இது வந்துவிட்டது. அந்தத் தம்பி ஒருநாள் ஒரு பை சாம்பல் கொண்டுவந்து, அம்மா கொடுத்தார் என்று வாசலில் வைத்துவிட்டுப் போனான். வேலை முடிந்து வருகிற மகள் செருப்பைக் கழற்றுமுன் தலையைத் தூக்கிக் கூரையைத்தான் பார்க்கிறாள். பக்கத்து வீட்டுக்காரர், கொடியா வளர்க்கிறீர்கள், கல்யாணமா வளர்க்கிறீர்கள் என்று கேலி செய்கிறார்.

கொடி இப்போது கூரையின் ஓரத்தைத் தொட்டிருக்கிறது. அதற்குமேல் இன்னும் தகரம்தான், மத்தியானத்தில் கண்ணைக் கூச வைக்கிற தகரம். பழைய கொடியின் சுருள்கள் காய்ந்து பழுப்பாகி ஆணி ஆணியாய்த் தொங்குகின்றன. பார்க்கும்போதெல்லாம் எனக்கு முகம் எரிகிறது. ஒருநாள் அவற்றைப் பிய்த்துப்போடலாம் என்று ஏணியைச் சாத்தினேன். என் மனைவி கீழே நின்று ஏணியைப் பிடித்துக்கொண்டாள்.

“அதுல கைய வைக்காதீங்க,” என்றாள். “புதுக் கொடிக்குப் பிடி வேணும்.”

இறங்கிவிட்டேன்.